பத்து மீட்டர் கட்டம்

பழவேற்காடு ஏரிக்கரையில் சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களின் இறாலும் நண்டும் முகத்துவாரத்தை நம்பியிருப்பவை. அங்கே மணல் மேடிட்டால் கடல்நீர் வரத்து குறையும், இறால் குஞ்சு உள்ளே வருவது தடைப்படும். அந்த மணல் வருஷத்துக்கு வருஷம் எப்படி இடம் மாறுகிறது என்று பார்க்கச் செயற்கைக்கோள் படங்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. லேண்ட்சாட் சேமிப்பு 2008-இல் இலவசமானது. பத்து மீட்டர் நுணுக்கம் கொண்ட சென்டினல்-2 2015-இல் ஏவப்பட்டது. கடினம், இரண்டு வருஷத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருத்துவதில் இருக்கிறது. ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் எழுதத் தொடங்கிய ஜிடால் என்ற கட்டளைவரிக் கருவி அதற்கானது. நாம் மனதுக்குள் ஊகித்துக்கொண்டு விட்டுவிடுவதை எல்லாம் வாய்திறந்து சொல்ல வைப்பதுதான் அதன் அழகு என்பேன்.

உபுண்டுவில் நிறுவ ஒரு வரி போதும். தொல்லை பிறகுதான் வரும். பைத்தான் வழியாக இயக்க வேண்டுமென்றால், பைத்தான் தொகுப்பின் பதிப்பு எண் நிறுவிய நூலகத்தின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஆயத்தொலை முறைகளின் விவரங்களை வைத்திருக்கும் ப்ரோஜ் தரவுத்தளத்தில், வேறொரு மென்பொருள் போட்டுவிட்டுப் போன பழைய பிரதி கண்ணில் பட்டால், ஆயத்தொலை முறை புரியவில்லை என்று கருவி நின்றுவிடும்; எந்தக் கோப்புறையில் தேடவேண்டும் என்று எழுதிக் காட்ட வேண்டும். எரிச்சல்தான், ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது. ஆயத்தொலை முறையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நில அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவையின் வழியில் வந்த பழைய நிலப்படங்கள், பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற பழைய கணக்கைப் பின்பற்றின. அதைச் சொல்லாமல் இன்றைய படத்தின்மேல் வைத்தால் ஏரிக்கரை நூறு மீட்டருக்கு மேல் விலகிப்போகும். மணல் நகர்ந்ததா, வரைபடம் நகர்ந்ததா என்று யார் கண்டுபிடிப்பது?

இதைவிட நுட்பமானது, படத்தை வேறோர் ஆயத்தொலை முறைக்கு மாற்றும் ஜிடால்வார்ப் கட்டளை. பழவேற்காட்டுக்கு 32644 என்ற ஆயத்தொலை எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது. கட்டத்தின் அளவைச் சொல்லாவிட்டால் கருவி தானே ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். இரண்டு படங்களின் கட்டங்களும் அரைப் புள்ளி தள்ளி விழலாம். கரையோரத்தில் அந்த அரைப் புள்ளி, நடக்காத அரிப்பாகத் தெரியும். பத்துக்குப் பத்து என்று எழுதி, கட்டங்களை ஒரே வரிசைக்கு இழுக்கும் ‘டேப்’ (-tap) என்ற மூன்றெழுத்துத் தெரிவையும் சேர்க்கிறவரே கைதேர்ந்தவர். அதன்பின் பச்சை, அண்மை அகச்சிவப்பு ஆகிய இரண்டு பட்டைகளையும் ஒப்பிட்டால், அகச்சிவப்பை விழுங்கும் நீர் மணலிலிருந்து தனியே பிரிந்து நிற்கும்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சுட்டியைச் சொடுக்கினால் இதெல்லாம் முடிந்துவிடுமே என்று கேட்கலாம். முடியும்தான், அதற்கும் அடியில் வேலை செய்வது ஜிடால்தான், அதன் உரையாடல் பெட்டியின் கீழே ஜிடால் கட்டளையே தெரியும். அந்த வரியை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால், அடுத்தவர் அதை வாசித்துத் தப்பு பிடிக்கலாம், அடுத்த வருஷம் அப்படியே ஓட்டலாம். இன்னும் கனமான மறுப்பு மீனவர் பக்கமிருந்து வரும்: முகத்துவாரம் அடைபட்டதைச் சொல்லப் படம் எதற்கு? உண்மை. படகு போகுமளவு ஆழம் இருக்கிறதா என்பதை அவர்கள் அறிவார்கள். இந்தப் படத்திலிருந்து அது தெரியாது. ஆனால் அலுவலக மேசையில் பத்து வருஷ மாற்றத்தை அளந்து காட்டும்போது, அவர்கள் சொல்லுக்கு இது பக்கபலம். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் மணலை உடைக்கும் நாட்களில் மேகம் மறைத்துவிடுவது பெரிய குறை. அப்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ராடார் படங்களை எடுத்து, அதே எல்லையையும் அதே பத்து மீட்டர் கட்டத்தையும் அவற்றுக்குக் கொடுக்கலாம்.