சோழர் மாளிகையும் மூன்று சொற்களும்

அழிந்துபோன அரண்மனையொன்றை மீட்டுருவாக்கும் பணியில் அகழாய்வுக்கும் கல்வெட்டுக்கும் உள்ள பங்கு பெரிதும் பேசப்படுகிறது. மொழிபெயர்ப்பின் பங்கு அவ்வளவாகக் கருதப்படுவதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை இதற்குத் தக்க சான்றாகும்.

பெருங்கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாளிகைமேட்டில், 1980 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பல கட்டங்களாக அகழாய்வு நடத்தியுள்ளது. செங்கற்சுவர்களின் அடிப்பகுதி, தூண்களைத் தாங்கிய கருங்கற்கள், கூரையோடுகள், இரும்பாணிகள் ஆகியன வெளிப்பட்டன. தூண்கள் மரத்தாலாகியிருக்கலாம் என்பர். இவை கட்டடம் இருந்த இடத்தையும் கட்டுமானப் பொருளையும் காட்டுகின்றன. எத்தனை தளங்கள் இருந்தன என்பதைக் காட்டவில்லை.

அக்குறையை நிரப்ப உதவுவது வீரராசேந்திரன் (1063–1070) காலக் கல்வெட்டு. அது சோழகேரளன் திருமாளிகையையும், அதன் ஆதிபூமி, கீழைச்சோபானம் ஆகிய பகுதிகளையும், மாவலி வாணாதிராசன் என்னும் பெயருடைய இருக்கையையும் குறிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய அறிஞர் ஆதிபூமியைத் தரைத்தளம் எனவும், கீழைச்சோபானத்தைக் கிழக்குப் போர்ட்டிகோ எனவும் பெயர்த்து, மாளிகை பல தளங்களை உடையதென முடிவு கண்டனர்.

இவற்றுள் முன்னது ஏற்கத்தக்கது. சிற்ப நூல்களில் பூமி என்பது கட்டடத்தின் நிலையைக் குறிக்கும். மேல்நிலை இருந்தாலன்றி ஒன்றை முதல்நிலை எனச் சுட்டவேண்டிய தேவை எழாது. ஆயினும் இச்சொல்லிலிருந்து தளங்களின் தொகையைப் பெற இயலாது.

பின்னது அத்தகையதன்று. சோபானம் என்பதன் பொருள் படிக்கட்டு. இருக்கை இடுவதற்குப் படியையொட்டி மேடையோ முகப்போ இருந்திருக்கவேண்டும் என்னும் ஊகமே போர்ட்டிகோவாயிற்று. ஊகம் பொருத்தமானதே, எனினும் அது சொல்லின் பொருளன்று.

மாளிகை என்னும் சொல்லும் எச்சரிக்கையுடன் கையாளத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுமாளிகை அரண்மனையன்று. முதற்குலோத்துங்கனின் 49ஆம் ஆட்சியாண்டுக் (1119) கல்வெட்டு கங்கைகொண்டசோழ மாளிகையைக் குறிப்பிடுகிறது. இதுவும் சோழகேரளன் திருமாளிகையும் ஒன்றே என்பதைப் பெயரளவில் துணிதல் இயலாது.

எனவே கல்வெட்டினை மொழிபெயர்ப்போர் மூலச்சொல், அதன் நேர்ப்பொருள், தம் ஊகம் ஆகிய மூன்றனையும் தனித்தனியே தருதல் வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டுமே கொண்டு மாளிகையின் படத்தை வரைபவர், கல்வெட்டில் இல்லாத முகமண்டபத்தைக் கல்வெட்டே சொன்னதாகக் கொண்டுவிடுவார். இருந்த படிக்கட்டோ படத்தில் இடம்பெறாது போகும்.