கீபிளின் 1833 அருளுரை: ஒரு மதிப்பீடு

1833ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஆக்ஸ்போர்டு தூய மரியாள் ஆலயத்தில் ஜான் கீபிள் ஆற்றிய அருளுரையையே ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தொடக்கமாக நியூமன் கருதினார். "தேசிய விசுவாசத் துரோகம்" என்பது அதன் தலைப்பு. அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கிருந்த 22 பேராயங்களில் 10ஐ ஏனையவற்றோடு இணைக்கப் பாராளுமன்றம் முனைந்ததே அவரைப் பேசத் தூண்டிற்று. திருச்சபையின் அமைப்பில் கைவைக்க அரசுக்கு அதிகாரமுண்டோ என்னும் அவருடைய வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தமதல்லாத திருச்சபைக்கு அவர்களும் தசமபாகம் செலுத்தி வந்தனர். இது அவ்வினாவின் நிழலில் மறைந்துபோகிறது.

அதே ஜூலையில் அதே பாராளுமன்றத்தின் முன் அடிமை ஒழிப்பு மசோதாவும் இருந்தது. ஆகஸ்டு 28இல் அது சட்டமாயிற்று. உரிமையாளர்க்கு இழப்பீடு 2 கோடி பவுன். அடிமைகளுக்கோ ஒரு காசுமில்லை. 'தொழிற்பயிற்சி' என்னும் பெயரால் 1838 வரை கட்டாய உழைப்பே கிடைத்தது. தென்னிந்தியாவில் நாம் நன்கறிந்த எஸ்.பி.ஜி. சங்கமும், பார்படாஸ் தீவில் தனக்கிருந்த கோட்ரிங்டன் தோட்டத்து அடிமைகளுக்கு ஈடாகப் பின்னர் 8,823 பவுன் பெற்றுக்கொண்டது. அருட்பணிச் சங்கமொன்றின் கணக்கேட்டில் இப்படியொரு வரவு!

கீபிள் எடுத்தாண்ட வசனம் 1 சாமுவேல் 12:23. மக்களுக்காக மன்றாடுவதைக் கைவிடேன் எனத் தீர்க்கதரிசி கூறுமிடம் அது. ஆயின் அவ்வதிகாரத்தின் 3ஆம் வசனத்தில் சாமுவேல் முதலில் தம்மையே வழக்கிற்கு உட்படுத்துகிறார்: எவனுடைய எருதை எடுத்தேன், எவனை ஒடுக்கினேன் என்கிறார். அவ்வாண்டின் ஆங்கிலத் திருச்சபை தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த வினா இதுவே. கீபிளின் வாதமோ 23ஆம் வசனத்திலேயே நின்றுவிடுகிறது.