கூகுள் எர்த்தில் கமுந்திங்: மலைக்கு நம்பலாம், சமவெளிக்கு யோசிக்கணும்



புவியியல் பாடத்தில் நிலத்தோற்றம் என்றாலே இப்போது கூகுள் எர்த்தைத் திறந்துவிடுகிறோம். நல்லதுதான். ஆனா, அது காட்டும் உயரத்தை அப்படியே விடைத்தாளில் எழுதலாமா? கமுந்திங்கையே எடுத்துப் பார்ப்போம்.

முதலில் நிறை. கமுந்திங்கிலிருந்து கிழக்கே திருப்பிச் சாய்த்துப் பாருங்க. பத்துக் கிலோமீட்டருக்குள் நிலம் சுமார் 1,250 மீட்டர் உயரமுள்ள புக்கிட் லாருட்டுக்கு, நம்ம பழைய மாக்ஸ்வெல் மலைக்கு, ஏறிவிடும். தைப்பிங்கில் ஏன் இவ்வளவு மழை என்று கேட்டால் மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். ஈரக்காற்று பிந்தாங் மலைத்தொடரில் மோதி, மேலேறி, குளிர்ந்து மழையாவதைத் திரையில் அந்தச் சுவரைப் பார்த்தபின் சொன்னால், விளக்கம் சொந்தமாக வரும். சமவுயரக் கோடுகள் நெருங்கினால் சரிவு அதிகம் என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

இனி குறை. இத்தகைய மென்பொருள்களின் உயரத் தரவுக்கு முக்கிய அடிப்படைகளில் ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ராடார் மூலம் எடுத்த அளவீடு. அதற்கு வகுத்த துல்லிய வரம்பு 16 மீட்டர். மாக்ஸ்வெல் மலைக்கு 16 மீட்டர் பிழை என்றால் சுமார் 1.3 விழுக்காடு, பாதகமில்லை. கமுந்திங் சமவெளியிலோ, மேடு பள்ளத்தின் வித்தியாசமே அந்த அளவுக்குள் அடங்கிவிடலாம். அங்கே ஒரு புள்ளி 18 மீட்டர், பக்கத்துப் புள்ளி 25 மீட்டர் என்று காட்டினால், எது மேடு என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, அந்த ராடார் அடர்ந்த மரங்களுக்குள் முழுதாக இறங்காது. பால்மரமோ செம்பனையோ அன்று நின்ற இடத்தில் மர உயரத்தின் ஒரு பங்கும் தரையோடு சேர்ந்துவிடும். பிறகு மரத்தை வெட்டினாலும் பழைய எண் அப்படியே இருக்கலாம். ஈயக்குட்டைகளிலும் கவனம் வேணும்: நீரின் மேற்பரப்பு தெரியுமே தவிர, லம்பம் தோண்டிய ஆழம் தெரியாது.

மூன்றாவது, மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம்: குறுக்குவெட்டு வரைபடம். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, இன்றைய கோலா செபெத்தாங்கிற்கு, ஈயம் கொண்டுபோக மலாயாவின் முதல் ரயில்பாதை திறக்கப்பட்டது. அந்த வழியில் ஒரு கோடு வரைந்து உயர வரைபடத்தைக் கேளுங்க. தட்டையான கரையோர நிலம் மலை மலையாய் எழும்பி நிற்கும்! செங்குத்து அச்சு சில மீட்டர்களையே திரை முழுக்க இழுத்துக் காட்டுவதுதான் காரணம். கடைசிப் பகுதியில் எழும்பும் 'மேடு' மாத்தாங் சதுப்புநில மரங்களாகவும் இருக்கலாம். கோட்டைப் பார்க்கும் முன் அச்சில் உள்ள எண்ணைப் படிக்கப் பழக்குங்கள்.

ஆகவே, என் மதிப்பீடு இதுதான்: நிலத்தைக் கற்பனை செய்ய இது அருமையான கருவி, அளக்க அரைகுறையான கருவி. கூகுள் எர்த் புரோவில் உயர மிகைப்படுத்தலை 1இல் வையுங்கள். பக்கத்தில் நில அளவை, வரைபடத் துறையின் (ஜூபெம்) நிலப்படத்தை விரித்து, அதே இடத்தின் சமவுயரக் கோட்டை மாணவரையே படிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகலைன்னா, ஏன் என்று ஒரு வரி எழுதட்டும்.

மாணவர்களே, தேர்வு மண்டபத்தில் சுழற்றிப் பார்க்கத் திரை இருக்காது. கையில் தாளும் கோடும்தான். சரிவு விகிதம் கேட்டால் உயர வித்தியாசத்தைக் கிடைத்தூரத்தால் வகுக்கணும். 1,000 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர் தூரம் என்றால் 1:5. அலகை ஒன்றாக்க மறந்தால் மதிப்பெண் போயிடும். இந்தக் கணக்கை மென்பொருள் போட்டுத் தருவதற்கு முன், நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்க.