கொய்யா ஜெல்லியும் விளாம்பழ ஜாமும்

பழத்தின் பருவம் கழிந்த பின்னும் அதன் ருசியை வீட்டில் நிறுத்திவைத்துக்கொள்ளும் கலையில், நம்மவர் ஊறுகாய்க்குக் காட்டும் சிரத்தையில் பாதியைக்கூட ஜாமுக்குக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. மாவடுவுக்கு எந்தத் தோப்புக் காய் உகந்தது, காம்பை எவ்வளவு விட்டு நறுக்குவது, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டுவது உப்பிடுவதற்கு முன்னா பின்னா என்று மணிக்கணக்கில் வாதிக்கத் தயாராக இருக்கும் குடும்பங்களிலேகூட, ஜாம் என்றால் கடையிலிருந்து வந்து குழந்தைகளின் ரொட்டியில் ஏறும் ஒரு சிவப்பு வஸ்து என்ற அளவில்தான் மதிப்பு. பல பழங்களைக் கூட்டிக் காய்ச்சிய அந்தப் பதார்த்தத்தில் எந்தப் பழமும் தன் ஸ்வபாவத்தைக் காட்டுவதில்லை. ஜாமில் 100-க்கு 45 பங்காவது பழம் இருக்கவேண்டும் என்று 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் உத்தரவு விதித்தது, நல்ல விதிதான். ஆனால் எந்த மரத்துப் பழம், எந்தப் பக்குவத்தில் பறித்தது, அதன் துவர்ப்பில் எவ்வளவை மிச்சம் வைப்பது என்பவற்றை எந்தச் சர்க்காரும் விதிக்க இயலாது. அவற்றைத் தீர்மானிப்பது வீட்டிலே காய்ச்சுகிறவரின் நாக்கு.

ஒரு ஜாமில் ஒரே பழம் இருக்கவேண்டும். அந்தப் பழத்தின் தித்திப்பைக் காட்டிலும் அதன் புளிப்பும் துவர்ப்பும் மணமுமே அதில் பிரதானமாக நிற்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். தித்திப்பைத் தருவதற்குத்தான் சர்க்கரை இருக்கிறதே! இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் பழங்களில் கொய்யாவுக்கும் விளாம்பழத்துக்கும் நிகராக வேறொன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கொய்யா அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்த பழம். வந்த சுவடே தெரியாமல் நம் கொல்லைப்புறங்களில் கலந்துவிட்டது. பழனிக்கு அருகில் உள்ள ஆயக்குடிச் சந்தையில் கூடை கூடையாகக் குவிந்திருக்கும் கொய்யாவில், கனிந்து மணம் வீசுவதை மட்டுமே பொறுக்கி எடுப்பவர் ஜெல்லி காய்ச்சுவதற்குத் தகுதியான பழத்தை எடுத்தவர் ஆகமாட்டார். மூன்று பங்கு பழுத்தது, ஒரு பங்கு செங்காய் என்ற கணக்கில் எடுக்கவேண்டும். காரணம் உண்டு. பாகை உறையச் செய்யும் பெக்டின் என்ற பொருள் முற்றிய காயிலும் செங்காயிலும் நிறைந்திருந்து, பழம் கனியக் கனிய உருக்குலைந்து போகிறது. பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி ஹென்றி பிரகோனோ இதைப் பிரித்தறிந்து பெயரிட்டது 1825-இல். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பே, முழுக்கக் கனிந்ததை மட்டும் போட்டால் உறையாது என்பதைக் காய்ச்சும் கைகள் அறிந்திருந்தன.

என் அத்தை கொய்யா ஜெல்லி காய்ச்சும் முறை இப்போதும் கண்முன் நிற்கிறது. பழத்தைத் தோலோடும் விதையோடும் நறுக்கி, அது முழுகும் அளவுக்குமட்டும் தண்ணீர் விட்டு, அரைமணி நேரம் குழைய வேகவைப்பாள். பிறகு ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, அதன் நான்கு கால்களிலும் வெள்ளை மல் துணியின் நான்கு முனைகளையும் இறுக்கிக் கட்டி, வெந்ததை அதில் கொட்டிக் கீழே பாத்திரத்தை வைத்துவிடுவாள். இரவெல்லாம் சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும். நாங்கள் பொறுமை இழந்து துணியில் கை வைக்கப்போனால், “பிழியாதேடா, கலங்கிப் போயிடும்” என்று அடுக்களையிலிருந்தே குரல் வரும். பிழிந்தால் சாறு அதிகமாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சாற்றில் சக்கையின் துகளும் சேர்ந்து இறங்கி, ஜெல்லியின் தெளிவைப் பறித்துவிடும். மறுநாள் காலை, ஒரு டம்ளர் சாற்றுக்கு முக்கால் டம்ளர் சர்க்கரையும், இரண்டு டம்ளருக்கு ஒரு பழம் என்ற வீதத்தில் எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து அடுப்பில் ஏற்றினால், கழுநீர்போல் மங்கலாக இருந்த அந்தத் திரவம் கொதிக்கக் கொதிக்கப் பொன்னிறமாகிப் பின் சிவக்கத் தொடங்கும் காட்சி, எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அற்புதம்.

பதம் பார்ப்பதில்தான் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதலில் பொங்கி எழும் நுரை பொடிப்பொடியாக இருக்கும்; பதம் நெருங்கும்போது குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். அப்போது கரண்டியால் எடுத்துச் சரித்தால், கடைசி இரண்டு துளிகள் தனித்தனியே விழாமல், விளிம்பில் ஒன்றுகூடித் தகடாகத் தொங்கி அறுபடும். அந்தக் கணமே இறக்கிவிடவேண்டும். உஷ்ணமானியை நம்புகிறவர்களுக்கு 105 டிகிரி சென்டிகிரேடு கணக்கு. ஆனால் உதகமண்டலம் போன்ற உயரத்தில் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடுவதால், அங்கே 105-க்குக் காத்திருப்பவர் கையில் மிஞ்சுவது மிட்டாய்தான். தண்ணீர் கொதிக்கும் நிலைக்குமேல் ஏறக்குறைய 5 டிகிரி என்று வைத்துக்கொள்வதே எங்கும் பொருந்தும். அந்த நிலையில் சர்க்கரை 100-க்கு 65 பங்குவரை செறிந்துவிடுகிறது. பூஞ்சை முதலியவை உறிஞ்சிப் பிழைப்பதற்கு வேண்டிய ஈரம் அதில் கிட்டுவதில்லை. ஆகவேதான் வேறு எந்த மருந்தும் சேர்க்காமலே அது கெடாமல் நிற்கிறது.

விளாம்பழத்தின் போக்கே வேறு. விநாயக சதுர்த்தியை ஒட்டிக் கடைவீதியில் வந்து குவியும் அந்தக் கடின ஓட்டுப் பழத்தை ஓரடி உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார்கள்; துள்ளினால் காய், துள்ளாமல் கிடந்தால் கனி. உடைத்ததும் எழும் மணம் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. கள்ளின் சாயலும் புளியின் சாயலும் கலந்த உக்கிரமான மணம் அது. வெல்லத்தைப் பிசைந்து அப்படியே உண்பது நம் பழைய வழக்கம். ஆனால் அந்த உக்கிரத்தைத் தணித்து, ருசியை மட்டும் நிறுத்துவதற்கு அடுப்பைவிட நல்ல ஆசான் இல்லை. சதையைச் சிறிது தண்ணீரில் கரைத்து, கம்பிச் சல்லடையில் தேய்த்து விதையையும் நாரையும் நீக்கி, சர்க்கரை சேர்த்து இளந்தீயில் விடாமல் கிளறவேண்டும். கொய்யா ஜெல்லியைப் போல் இது தெளிவை நாடுவதில்லை. கபில நிறத்தில், கனமாக, கரண்டியை நிறுத்தினால் சாயாமல் நிற்கும்படி உறைகிறது. கெட்டிப்படும்போது தெறித்துக் கையைச் சுட்டுவிடுமாதலால், நீண்ட காம்புள்ள கரண்டி அவசியம். வெள்ளைச் சர்க்கரை போட்டால் பழத்தின் புளிப்பு தெளிவாகத் தெரியும். வெல்லமோ தன் வாசனையையும் கொண்டுவந்து சேர்க்கும். நான் பாதிப்பாதி கலக்கும் கட்சியைச் சேர்ந்தவன். இலங்கையில் விளாம்பழ ஜாம் தமிழர், சிங்களவர் என்ற பேதமின்றி வீட்டிலும் கடையிலும் சகஜமாகப் புழங்கும் பதார்த்தம். விளாமரம் செழித்து வளரும் நம் தமிழகத்திலோ அது இன்னும் அபூர்வமாகவே இருப்பதை எண்ணி வருந்துகிறேன்.

மாம்பழ ஜாமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாம்பழத்தின் மணத்தில் பெரும்பகுதி அடுப்பிலேயே ஆவியாகிவிடுவதால், அதை அப்படியே உண்பதுதான் நியாயம். அன்னாசி அழகான ஜாமாகிறது. ஆனால் அதற்குத் தானாக உறையும் சக்தி குறைவு. நார்த்தங்காயை உப்பில் மட்டுமே அறிந்தவர்கள், ஸ்பெயின் தேசத்து ஸெவில் கிச்சிலியைக் கொண்டு ஆங்கிலேயர் செய்யும் மார்மலேட் முறையில் அதைக் காய்ச்சிப் பார்க்கவேண்டும். தோலை மயிரிழையாக அரிந்து முதல் நாளே ஊறவைத்து, விதைகளை எறிந்துவிடாமல் துணியில் முடிந்து கூடவே கொதிக்கவிட்டால், விதையிலிருந்து இறங்கும் பசையே பாகை உறையச் செய்துவிடும்.

உண்ணும் முறையிலும் எனக்குப் பட்சபாதம் உண்டு. கொய்யா ஜெல்லிக்கு மெல்லியதாக அரிந்து வாட்டிய ரொட்டியும் கொஞ்சம் வெண்ணெயும் போதும். விளாம்பழ ஜாமுக்கு ரொட்டி சரியான துணை அல்ல. அதன் கனத்தையும் புளிப்பையும் தாங்குவதற்குக் கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் தடித்த தோசைதான் வேண்டும், பக்கத்தில் சட்னியோ மிளகாய்ப்பொடியோ இல்லாமல்.