கணிக்கவியலாத எண்ணும் எண்ணே

எண்ணப்படுவதே எண், ஆகவே கணித்துக் காண இயலாததை எண் என்றல் பிழை என்பாருளர். சொல்லின் வேரைப் பிடித்து இவ்வழக்கைத் தீர்த்தல் ஆகாது. எண்ணுதல் என்பதற்குக் கருதுதல் என்னும் பொருளும் உண்டன்றோ?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் முடிவின்றி நீளும். ஆயினும் முந்திரி அளவுக்கு, அதாவது 320-இல் ஒரு பங்குக்கு, வேண்டுமெனினும், அதனினும் நுண்ணிதாக வேண்டுமெனினும், கண்டறிய வழியுண்டு. அது கணிக்கத்தக்கதே.

நாம் பேசுவது வேறு. ஆலன் டூரிங் (இவருடைய தாயார் 1881-இல் நம் போத்தனூரில் பிறந்தவர்) 1936-இல் எழுதிய கட்டுரையில், வரையறை தெளிவாய் இருந்தும் கணிக்கவியலாத எண் ஒன்றைக் காட்டினார்; அதனை எண் என்றே அழைத்தார்.

கெடா ரப்பர்த் தோட்டத்தில் ஒருவர் நிரையில் நடந்து மரங்களை எண்ணுகிறார் என்று கொள்வோம். நிரை முடிந்தால் முடிந்ததென அறிவார். முடியாதவரை, இனி முடியவே முடியாது என்று எங்கே நின்று சொல்வார்? தோட்டத்துக்கு எல்லையுண்டு, எந்திரக் கணக்குக்கு அஃதில்லை. கணக்குகளை 1, 2, 3 என வரிசையிடுக. முதலாவது நின்றால் அரை, இரண்டாவது நின்றால் கால், மூன்றாவது நின்றால் அரைக்கால் என்று கூட்டுக. கூட்டுத்தொகை ஏறும், இறங்காது, ஒன்றைத் தாண்டாது. அது சென்றடையும் அளவை வேண்டிய நுண்மைக்குக் கண்டுவிடின், எக்கணக்கு நிற்கும், எது நில்லாது என்பதும் விளங்கிவிடும். அதற்குப் பொதுவழி இல்லை என்பதே டூரிங் நிறுவியது.

ரஷ்ய அறிஞர் மார்க்கோவின் வழியினர், கணிக்கும் முறையில்லாததை எண்ணென ஏலார். அவர் கொள்கை முரணற்றதே. ஆனால் அதன் விலை பெரிது. ஏறிக்கொண்டே சென்று ஒரு வரம்பைத் தாண்டாத வரிசைக்கு எல்லையுண்டு என்று கற்பிக்கிறோம். மேற்கண்ட கூட்டுத்தொகையின் ஒவ்வொரு படியும் மாணவன் எழுதக்கூடிய பின்னமே. அவர் கொள்கைப்படி அது சென்றடைய இடமில்லை! இத்தகைய வரிசையை ஸ்பெக்கர் 1949-இலேயே காட்டினார். கோடு ஓட்டையாகிறது. ஓட்டையும் சிறிதன்று: கணிக்கத்தக்கவற்றை ஒரு பட்டியலில் நிறுத்தலாம், கோட்டின் புள்ளிகள் அனைத்தையும் நிறுத்தவியலாது என்பது கான்டர் 1874-இல் காட்டியது.

கணிக்கவியலாமை முழு அறியாமையும் அன்று. சைட்டின் 1975-இல் வரையறுத்த ஒமேகா வகை எண்களுள் ஒன்றன் முதல் 64 இரும இலக்கங்களைக் காலுடேயும் துணைவரும் 2002-இல் கண்டனர். கோட்டில் இடமும், கூட்டலும், பெரிது சிறிது என்னும் ஒழுங்கும் உடையதற்கு எண் என்னும் பெயரை மறுப்பதேன்?

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ இதனைத் தமிழில் கற்பிப்போர் 'எண்ணிலி' என்று பெயரிடாதிருத்தல் நன்று. அச்சொல் அளவிறந்ததையே நினைவூட்டும். 'கணிக்கவியலா எண்' என்பதே போதும்.