அறக்கட்டளைச் சொற்பொழிவுகளும் பயிலரங்குகளும்: எண்ணிக்கையும் பயனும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஓர் அரங்கில் ஒரு சொற்பொழிவோ பயிலரங்கோ நடந்துகொண்டேதான் இருக்கிறது. நிதியாண்டு முடியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு அழைப்பிதழ்கள் வருவதும் உண்டு. இவற்றால் கேட்பவர் என்ன பெறுகிறார், துறைக்கு என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் இந்த மரபு சாதித்ததைச் சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள்தாம் ‘சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும்’ என்ற நூலாயின. வாழ்நாளெல்லாம் சுவடிகளோடு இருந்த ஒருவர், தாம் அறிந்ததைப் பொது அவையின் முன் வரிசைப்படுத்திச் சொல்ல ஒரு மேடை அமைந்தது. அதன் பயன் நமக்கு ஒரு நூலாகக் கிடைத்தது. பின்னர் தமிழறிஞர் ரா.பி.சேதுப்பிள்ளை இத்தகைய சொற்பொழிவுகளுக்காகத் தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அறக்கட்டளை நிறுவினார். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பிரசன்னகுமார் தாகூர் விட்டுச்சென்ற கொடையால் 1870-ல் தொடங்கிய சட்டச் சொற்பொழிவுகள், வழக்குரைஞர்கள் எடுத்தாளும் நூல்வரிசையாகவே வளர்ந்தன.

இந்த முயற்சிகளின் வலிமை இரண்டு ஏற்பாடுகளில் இருந்தது. பேசுபவர் ஒரே பொருளைப் பல நாள் தொடர்ந்து விரித்துரைத்தார். பேசியதை நூலாக்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. நாளை அச்சில் வரப்போகிறது என்று அறிந்தவர் சான்று இல்லாமல் ஒரு வாக்கியமும் சொல்லத் துணிய மாட்டார்.

பயிலரங்கின் வலிமை வேறு வகையானது. கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதை எந்த நூலைப் படித்தும் கற்றுவிட முடியாது. கல்லைக் கழுவித் துடைத்து, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துக் குழிகளுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டி, பிறகு மையை ஒற்றி எடுக்க வேண்டும். எவ்வளவு ஈரம், எவ்வளவு அழுத்தம் என்பது கைக்குத்தான் தெரியும். ஓலைச்சுவடி வாசிப்பும் அப்படியே. பழைய ஏடுகளில் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். பழகிய ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து, ஏடு ஏடாக வாசிக்கவைத்து, பிழையை அங்கேயே திருத்தினால்தான் கண் தெளியும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போல ஓலைச்சுவடிக்கும் கல்வெட்டுக்கும் தனித்துறைகள் உள்ள இடங்களில் இத்தகைய பயிற்சி நடக்கும்போது, வகுப்பறை தராத ஒன்றை மாணவர் பெறுகிறார். பள்ளி ஆசிரியர்களும் ஊர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களும் பல்கலைக்கழக வாசலுக்குள் காலடி வைக்கும் வழியும் இதுதான்.

இவ்வளவு பயனுள்ள மரபு இன்று மெலிந்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம் பணம். ஒரு காலத்தில் 25,000 ரூபாய் முதலீடு பெருந்தொகை. இன்று 6 விழுக்காடு வட்டி வைத்தாலும் ஆண்டுக்குக் கிடைப்பது 1,500 ரூபாய். வெளியூரிலிருந்து வரும் அறிஞரின் பயணச் செலவுக்கே அது காணாது. அதனால் உள்ளூரில் கிடைப்பவரை அழைப்பதும், பல அறக்கட்டளைகளை ஒரே நாளில் அடுத்தடுத்து நடத்தி முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. கொடை தந்தவரின் பெயர் அழைப்பிதழில் வருகிறது. அவர் விரும்பிய பணி நடப்பதில்லை.

இரண்டாவது காரணம் மேடை வழக்கம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப்பரிசு என்று ஒரு மணி நேரம் கழிந்த பின்புதான் சிறப்புரையாளர் ஒலிவாங்கிக்கு வருகிறார். அதற்குள் உணவு இடைவேளை நெருங்கிவிடுகிறது. முதலில் பறிபோவது கேள்வி நேரம். கேள்வி எழாத அவையில் பேச்சாளரின் கருத்து சோதிக்கப்படுவதே இல்லை. அழைப்பிதழும் இந்த வழக்கத்தின் படிதான். அதில் பொறுப்பாளர்களின் பெயரும் படமும் பக்கத்தை நிறைக்கின்றன. பேச்சின் சுருக்கம் ஒரு வரிகூட இருப்பதில்லை. அதுவும் முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப்பில் வந்தால், ஆர்வமுள்ள வெளியாள் வருவது எப்படி? இருக்கைகளை நிரப்ப வகுப்பிலிருந்து மாணவர்களை அழைத்து வந்து உட்காரவைக்கிறார்கள். விருப்பமில்லாமல் வந்த மாணவனுக்கு அறிஞர் பேச்சின்மேலேயே கசப்பு உண்டாகிறது. இது பெரிய இழப்பு.

மூன்றாவது காரணமே வேரானது; அது ஆசிரியர்களுக்கான மதிப்பெண் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, அழைப்புரைக்கோ கருத்தரங்கக் கட்டுரைக்கோ வெளிநாட்டில் என்றால் 7, நாட்டுக்குள் நடக்கும் பன்னாட்டு நிகழ்வில் 5, தேசிய அளவில் 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவில் 2 மதிப்பெண். என்ன பேசினார், எவ்வளவு புதிதாகச் சொன்னார் என்பதற்கு இந்த அட்டவணையில் இடமில்லை. அழைப்பிதழில் ‘பன்னாட்டு’ என்ற அடைமொழி சேர்ந்தால் அதே பேச்சின் மதிப்பு கூடிவிடுகிறது. தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பும் ஐந்தாண்டுகளில் ஆய்வு முறையியல், அறிவுசார் சொத்துரிமை, தொழில்முனைவு பற்றி எத்தனை பயிலரங்குகள் நடந்தன என்று எண்ணிக்கை கேட்டது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் பெருகும். 2020 பொதுமுடக்கத்தில் இது உச்சத்துக்குப் போனது. இணையவழிப் பயிலரங்கில் ஒரு கூகுள் படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் வந்து விழுந்தது. எத்தனையோ பேர் கோப்பு நிறையச் சான்றிதழ் சேர்த்தார்கள், திறன் சேரவில்லை.

இந்தக் கணக்கு முழுத் தீமை என்று சொல்வதும் நியாயமாகாது. வெளிப் பேச்சாளரே எட்டிப்பாராத சிற்றூர்க் கல்லூரிகள் பலவற்றில் முதன்முதலாக ஒரு நிகழ்ச்சி நடக்கக் காரணமானது தரமதிப்பீட்டின் நெருக்கடிதான். இணையவழிக் கூட்டங்களால் வேலைக்குப் போகும் பெண்களும் புலம்பெயர்ந்த தமிழர்களும் வீட்டிலிருந்தே அறிஞர்களைக் கேட்க முடிந்தது. பரவல் நேர்ந்தது; ஆழம்தான் குறைந்தது. பரவலை இழக்காமல் ஆழத்தை மீட்பதே நாம் செய்ய வேண்டியது.

வழிகள் கடினமானவை அல்ல. சிறு அறக்கட்டளைகளை, கொடையாளர் குடும்பங்களின் ஒப்புதலோடும் சட்டத்துக்கு உட்பட்டும் இணைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெருஞ்சொற்பொழிவாக நடத்தலாம். அதில் எல்லாக் கொடையாளர் பெயரும் இடம்பெறலாம். பேச்சின் ஒரு பக்கச் சுருக்கத்தை ஒரு மாதத்துக்கு முன்பே பொதுவில் வெளியிடலாம். மேடையில் ஒரே ஒரு வரவேற்பு, அதன்பின் ஒரு மணி நேரம் உரை, அரை மணி நேரம் கேள்வி என்று விதி வைக்கலாம். வேலை நாள் பகலை விட்டு மாலையில் நடத்தினால் ஊர் மக்களும் வருவார்கள். உரையின் எழுத்துவடிவம் கைக்கு வந்த பிறகே மதிப்பூதியம் என்ற ஒழுங்கு இருந்தால் நூல்கள் மீண்டும் வரும். பயிலரங்கென்றால் குறைந்தது ஐந்து நாள், இருபது பேருக்கு மேல் இல்லை, வாசித்த ஏட்டையோ எடுத்த மைப்படியையோ காட்டினால்தான் சான்றிதழ் என்று வரையறுக்கலாம்.

இவற்றைச் செய்தால் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். குறையட்டும். துணைவேந்தர்களும் துறைத்தலைவர்களும் ஆண்டறிக்கையில் எத்தனை நிகழ்ச்சி என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எத்தனை உரைகள் நூலாயின, பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் சுவடி வாசிக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். வரிப்பணத்திலும் கொடைப்பணத்திலும் நடக்கும் அவைகள் இவை; இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு.