அரிசியை எண்ண முடியாதா?

தொடக்கநிலை ஆங்கிலப் பாடங்களில் தவறாமல் வரும் ஒரு பக்கம் உண்டு. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆப்பிள், முட்டை, வாழைப்பழம். வலப்பக்கம் அரிசி, பால், சர்க்கரை, ரொட்டி. இடப்பக்கம் கவுண்டபிள், அதாவது எண்ணக்கூடியவை. வலப்பக்கம் அன்கவுண்டபிள், எண்ண முடியாதவை. முதல் வகைக்கு 'மெனி', இரண்டாவதற்கு 'மச்', இரண்டுக்கும் பொதுவாக 'சம்'. கீழே பத்து கோடிட்ட இடங்கள். அவ்வளவுதான் பாடம்.

படங்களில் குறையில்லை, பட்டியலிலும் குறையில்லை. "எண்ண முடிந்தால் இந்தப் பக்கம், முடியாவிட்டால் அந்தப் பக்கம்" என்று சொல்லப்படும் விளக்கம்தான் தப்பு என்பது என் வாதம். வீட்டில் ஆங்கிலம் காதில் விழுந்த பிள்ளைக்கு இந்தத் தப்பு பெரிதாகத் தெரியாது. விளக்கத்தை விட்டுவிட்டுப் பழக்கத்தில் பேசிவிடும். விளக்கத்தை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

விதி எங்கே உடைகிறது

அரிசியை எண்ணலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ரொட்டியையும் எண்ணலாம், டீக்கடையில் "ரெண்டு பிரட் குடுங்க" என்றால் யாரும் முழிப்பதில்லை. பணத்தை நாள் முழுக்க எண்ணுகிறார் பஸ் கண்டக்டர், ஆனால் ஆங்கிலத்தில் 'மணி' அன்கவுண்டபிள். "எண்ணலாமே சார்" என்று ஒரு பிள்ளை கேட்டால், அது விதியைச் சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளை. பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் பதில் "அப்படித்தான், எழுதிக்கோ".

ஆங்கிலத்துக்குள்ளேயே பாருங்கள். 'ரைஸ்' அன்கவுண்டபிள். அரிசி மணியைவிடப் பெரிதில்லாத மைசூர் பருப்பு 'லென்டில்ஸ்', பன்மை. கோதுமை 'வீட்', அன்கவுண்டபிள். அதன் பக்கத்து வயல் தானியம் 'ஓட்ஸ்', பன்மை. எண்ணும் வசதியில் இவற்றுக்குள் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை.

பட்டாணியின் கதை இன்னும் சுவாரசியம். பழைய ஆங்கிலப் பேச்சில் 'பீஸ்' என்பது, நாம் பருப்பு என்று சொல்வது போல, மொத்தமாக ஒரு பொருளின் பெயர். கடைசியில் வரும் 'ஸ்' ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பன்மை இருந்தால் ஒருமை வேண்டுமே என்று 17ஆம் நூற்றாண்டு வாக்கில் 'பீ' என்ற புதுச்சொல் உருவானது. பட்டாணி மாறவில்லை, அதை எண்ணும் ஆற்றலும் யாருக்கும் புதிதாக வரவில்லை. மாறியது சொல் மட்டும்.

நல்ல பாடநூல்கள் இதைக் கவனித்திருக்கின்றன. ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' (முதல் பதிப்பு 1985) எடுத்துக்கொள்வதும் வாழைப்பழத்தையும் அரிசியையும்தான். ஆனால் அழுத்தம் சொல்லின் வடிவத்தில் விழுகிறது: இந்தச் சொல்லுக்கு இரண்டு வடிவம், அந்தச் சொல்லுக்கு ஒன்றே ஒன்று. இந்தப் பேச்சு சார்ட்டுக்கும் ஒர்க்ஷீட்டுக்கும் இறங்கும்போது "எண்ண முடியாத பொருள்" என்று சுருங்கிவிடுகிறது. சொல்லைப் பற்றிய செய்தி பொருளைப் பற்றிய செய்தியாகத் திரிந்துவிடுகிறது.

திருத்தணியில் பால் பன்மை

இந்தத் திரிபைச் சோதிக்கத் திருத்தணியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். 1953ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போன ஊர். 1960 ஏப்ரல் 1ல் எல்லை மாற்றத்தின்போது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் பேச்சு மாறவில்லை. கடைத்தெருவில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் கேட்கும். ஒரே பெஞ்சில் இரண்டு மொழிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

தெலுங்கில் பால் 'பாலு', தண்ணீர் 'நீள்ளு'. இரண்டும் இலக்கணப்படி பன்மை. பால் இருக்கிறது என்பதற்கு "பாலு உன்னாயி" என்று பன்மை வினைதான் வரும். எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்கும்போது "என்னி நீள்ளு" என்பார்கள். 'என்னி' என்றால் எத்தனை. ஆக, சார்ட்டில் எண்ண முடியாத பொருளுக்கு முதல் உதாரணமாக வரும் பால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் பன்மை. தமிழில் பால் ஒருமை, ஆங்கிலத்தில் எண்ணில் அடங்காதது, தெலுங்கில் பன்மை. மாடு ஒன்றுதான்.

தமிழ் ஏற்கெனவே தருவது

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தப் பாகுபாடு புதிது என்று நினைத்துக்கொண்டுதான் பாடம் ஆரம்பிக்கிறது. உண்மையில் "எத்தனை இட்லி? எவ்வளவு சட்னி?" என்று மூன்று வயதிலேயே கேட்கத் தெரியும். 'மெனி', 'மச்' இரண்டுக்கும் பாதிக் கதவு அங்கேயே திறந்திருக்கிறது. எந்த சார்ட்டிலும் இதை நான் பார்த்ததில்லை.

ஏன் பாதிக் கதவு? தமிழில் அந்தத் தேர்வு சொல்லோடு ஒட்டியிருப்பதில்லை. அந்த நேரத்து அளவையைப் பொறுத்து மாறும். கடையில் "எவ்வளவு தக்காளி?" என்போம், எடை கேட்கிறோம். அடுப்படியில் "ரசத்துக்கு எத்தனை தக்காளி?" என்போம். பால் பூத்தில் "எத்தனை பால்?" என்றால் பாக்கெட் கணக்கு. மலையடிவாரப் பூக்கடையில் கட்டின மல்லி முழக்கணக்கு, உதிரி மல்லி எடைக்கணக்கு, மல்லி ஒன்றே. பள்ளியில் ஆகுபெயர் படிக்கும்போது எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்கு அளவை மனப்பாடம் செய்கிறோமே, அது வெறும் மார்க்குக்கான விஷயமில்லை. எந்தப் பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்தாலும் ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே நம்பர், கிலோ, லிட்டர், மீட்டர் என்று ஒரு யூனிட் கட்டம் இருக்கும். அதே நான்குதான்.

அடுத்தது பன்மை. "ரெண்டு இட்லி" என்றால் போதும், "இட்லிகள்" என்று சொன்னால் சர்வர் சிரிப்பார். "மாடு வந்தது", "மாடு வந்தன" இரண்டிலும் மாடு அப்படியே நிற்கும். நன்னூல் வழி வரும் பள்ளி இலக்கணம் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. 'டூ இட்லி' என்று எழுதும் பிள்ளை அலட்சியத்தில் எழுதவில்லை. தன் மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது.

இப்படிப் பார்த்தால் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். 'ஹவ் மச் டொமேட்டோ' என்பார்கள், கடையில் எடைக்கணக்கு என்பதால். பன்மை 'ஸ்' விடுபடும். 'டூ பிரெட்' வரும். மூன்றுமே நாம் அடிக்கடி பார்க்கும் பிழைகள். 'எண்ண முடியுமா' என்ற கேள்வி இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் திருத்தாது.

கோழியும் கறியும்

உணவை வைத்துச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு, அதை வழக்கமான பாடம் தொடுவதே இல்லை. தமிழில் உயிரோடு இருந்தால் கோழி, தட்டில் வந்தால் கோழிக்கறி. ஆங்கிலம் தனிச்சொல் சேர்ப்பதில்லை. முன்னால் ஒரு 'எ' போட்டால் பறவை, எடுத்துவிட்டால் கறி. 'ஐ ஏட் எ சிக்கன்' என்றால் முழுக் கோழியைத் தின்றதாக அர்த்தம். 'ஐ லைக் டாக்' என்று எழுதினால் நாய்க்கறி பிடிக்கும் என்று தொனிக்கும். வகுப்பு சிரிக்கும், அப்புறம் மறக்காது. ஒரே சொல் கோட்டின் இரண்டு பக்கமும் நிற்க முடியும் என்று தெரிந்தால், பக்கத்தின் நடுவில் போட்ட கோடு எதற்கு என்ற கேள்வி தானாக வரும்.

உணவோடு நின்றுவிடுவது

என் பெரிய குறை இதுதான். நம்மவர்கள் நிஜமாக இடறுவது பாலிலும் அரிசியிலும் இல்லை. 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்', 'எக்விப்மென்ட்ஸ்'. என் துறையில் 'சாஃப்ட்வேர்ஸ்'. வேலைக்கான மெயிலில் வெளியே தெரியும் பிழைகள் இவை. ஆள் எப்படிப்பட்டவர் என்று அரை நிமிடத்தில் முடிவுகட்டுபவர்களுக்கு இது போதும். நாற்காலியை எண்ணலாம், பெட்டியை எண்ணலாம், அறிவுரையையும் எண்ணலாம், சில வீடுகளில் ஒரு நாளைக்குப் பத்து கிடைக்கும். 'எண்ண முடிந்தால் கவுண்டபிள்' என்று படித்த பிள்ளை 'ஃபர்னிச்சர்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். விதியை மறந்ததால் வரும் பிழை இல்லை இது. விதியை நம்பியதால் வருவது.

மாற்றாக என்ன செய்யலாம்? முதல் நாள் எத்தனை, எவ்வளவு இரண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அடுத்து, "தமிழில் அளவையைப் பார்த்து மாற்றிக்கொள்கிறோம், ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல்லே முடிவு செய்துவிடும்" என்று நேராகச் சொல்லிவிடலாம். தெலுங்குப் பாலை ஒரு தரம் கரும்பலகையில் எழுதினால், மொழிக்கு மொழி இது மாறும் என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். மூன்றாவதாக, ஆங்கிலமும் தமிழும் ஒத்துப்போகாத சொற்களை மட்டும், பிரெட்டில் தொடங்கி இன்ஃபர்மேஷன் வரை, ஒரு இருபது எடுத்துப் பழக்கலாம். ஒத்துப்போகும் பாலுக்கும் சர்க்கரைக்கும் பயிற்சியே தேவையில்லை.

இதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம், ஒரு பீரியட் போதும். அடுத்த முறை "அரிசியை எண்ணலாமே சார்" என்று யாராவது கேட்டால், "ஆமா, எண்ணலாம். 'ரைஸ்'ங்கிற சொல்லைத்தான் எண்ண முடியாது" என்று பதில் சொல்லலாம். கேட்ட பிள்ளை உட்காரும்போது, தான் யோசித்தது தப்பில்லை என்று தெரிந்துகொண்டு உட்காரும்.